கிண்டிலை விட்டுக் கோபோவுக்கு மாறலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2015இல் வெளிவந்த கிண்டில் பேப்பர்வைட்டில் (அமேசானின் ஈ-ரீடர், அதாவது மின்நூல் வாசிக்கும் கருவி) நெடுங்காலம் வாசித்துவிட்டு, இப்போது அதன் போட்டிக் கருவியான கோபோ கிளாரா பிடபிள்யூவுக்கு மாறியிருக்கிறேன். மாறியதிலிருந்து பக்கத்து மேசைக்காரர், மச்சான்மார், கனடாவிலிருந்து அழைக்கும் சித்தி என்று எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். வொட்ஸ்அப்பில் ஆளுக்கொரு குரல்பதிவு அனுப்பிக் களைத்துப்போய், பதில்களை இங்கே மொத்தமாக எழுதிவைக்கிறேன். கொழும்பில் இருந்துகொண்டு தமிழ் வாசிக்கிறவர்களுக்காக எழுதியது. ஆங்கிலம் மட்டும் வாசிக்கிறவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

ஏன் மாறினீர்கள்? கிண்டில் பழுதாகிவிட்டதா?

இல்லை, இன்னும் வேலை செய்கிறது. பற்றரி தளர்ந்துவிட்டது, மைக்ரோ யூஎஸ்பி கேபிள் தேடுவது தொல்லை, அவ்வளவுதான். மாற வைத்தது வேறொன்று. அமேசானில் வாங்கிய புத்தகத்தைக் கணினிக்கு இறக்கி, கேபிள் வழியாகக் கிண்டிலுக்கு ஏற்றும் வசதி முன்பு இருந்தது. 2025 பெப்ரவரி 26ஆம் திகதியோடு அதை எடுத்துவிட்டார்கள். இப்போது வாங்கிய புத்தகம் பெரும்பாலும் இணையம் வழியாகக் கருவிக்கோ செயலிக்கோதான் வரும். அமெரிக்கத் தளத்தில் வாங்கும் இடத்திலேயே, நீங்கள் பெறுவது உரிமம் மட்டுமே என்றும் எழுதியிருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தின் பிரதி என் கையில் இருக்க வேண்டும் என்று நினைக்கிற ஆள் நான். உங்களுக்கு அது பெரிய விஷயமாகப் படாவிட்டால், மாறுவதற்கான என் முதல் காரணம் உங்களுக்குப் பொருந்தாது.

கருவி என்று பார்த்தால் எது நல்லது?

என் பழையதோடு ஒப்பிட்டால் புதியது எல்லா வகையிலும் மேல். ஆனால் ஒன்பது ஆண்டு இடைவெளி உள்ள இரண்டை ஒப்பிடுவதில் என்ன நியாயம்? இரண்டுக்கும் 6 அங்குலத் திரை, இரண்டிலும் அங்குலத்துக்கு 300 புள்ளிகள். எழுத்தின் கூர்மையில் பெரிய வித்தியாசம் இல்லை. கோபோவில் 16 ஜிபி இடம், மஞ்சள் நிறத்துக்கு மாற்றக்கூடிய விளக்கு, டைப்-சி, தண்ணீர்க் காப்பு எல்லாம் உண்டு. பழையதில் 4 ஜிபி. மற்ற மூன்றும் இல்லை.

நியாயமாக ஒப்பிடுவதென்றால் இப்போதைய கிண்டில்களோடுதான் ஒப்பிட வேண்டும். 2024இல் வந்த பேப்பர்வைட்டுக்கு 7 அங்குலத் திரை. மேலே சொன்ன வசதிகளும் உண்டு. பக்கம் திருப்பும் வேகத்திலும் மெருகிலும் அதுதான் ஒரு படி மேல் என்று தயங்காமல் சொல்வேன். விலை குறைந்த சாதாரண கிண்டிலுக்கு மஞ்சள் விளக்கும் தண்ணீர்க் காப்பும் இல்லை. அதே அளவுள்ள கிளாராவில் இரண்டும் உண்டு. இன்னொன்று: அமெரிக்காவில் குறைந்த விலைக்கு விற்கும் கிண்டில்களின் பூட்டுத்திரையில் விளம்பரம் வரும். கோபோவில் அந்தத் தொல்லை இல்லை.

தண்ணீர்க் காப்பு என்பது 2 மீற்றர் ஆழத்தில் 60 நிமிடம் தாங்கும் கணக்கு. ஒக்டோபர் மழையில் காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கிறவருக்கு இது ஆடம்பரம் இல்லை. ஆனால் அந்தக் கணக்கு நல்ல தண்ணீருக்கு. வெள்ளவத்தைக் கடற்கரையில் உப்புத் தண்ணீர் பட்டால் குழாய்த் தண்ணீரில் கழுவித் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே சார்ஜில் போடுங்கள்.

தமிழ் ஒழுங்காகத் தெரியுமா?

உண்மையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். ஆங்கிலத்தில் எழுதப்படும் ஒப்பீடுகள் எதிலும் இதற்குப் பதில் கிடைக்காது.

கிண்டிலில் எதுவும் செய்யத் தேவையில்லை. 2016 டிசம்பரில் தமிழ் உட்பட ஐந்து இந்திய மொழிகளை அமேசான் சேர்த்தது. அதிலிருந்து எழுத்துரு கருவியிலேயே இருக்கிறது, எழுத்து உடையாது. கோபோ அப்படியில்லை. அதன் எழுத்துருப் பட்டியலில் தமிழ் இல்லை. புத்தகத்தைச் செய்தவர் கோப்புக்குள்ளேயே எழுத்துருவை வைத்திருந்தால் தப்பித்தீர்கள். இல்லையென்றால் பெட்டி பெட்டியாகவோ கேள்விக்குறியாகவோ தெரிந்து, பெட்டியோடு திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று தோன்றும்.

வழி இருக்கிறது. கருவியைக் கணினியில் செருகினால் ஒரு பென்டிரைவ் போலத் திறக்கும். அதில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் ‘ஃபொன்ட்ஸ்’ (fonts) என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி, தமிழ் எழுத்துருக் கோப்பை அதற்குள் போடுங்கள். கழற்றியதும் வாசிப்புத் திரையின் எழுத்துருப் பட்டியலில் அது வந்துவிடும். நோட்டோ செரிஃப் தமிழ், முக்த மலர், மீரா இனிமை மூன்றும் கூகிள் எழுத்துருத் தளத்தில் இலவசம். நாவலுக்கு நான் வைத்திருப்பது நோட்டோ செரிஃப். மெல்லிய கோடுள்ள எழுத்துருக்கள் மின்மைத் (இ-இங்க்) திரையில் வெளிறிப்போகும், சற்றுத் தடித்ததாகப் பார்த்து எடுங்கள்.

எழுத்துரு வந்ததும் எல்லாம் முடிந்தது என்றும் இல்லை. ‘கொழும்பு’ என்று கணினியில் சேமிக்கும்போது முதலில் ‘க’, அதற்குப் பிறகே ஒகரக் குறி. திரையில் காட்டும்போது அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு ‘க’வுக்கு முன்னாலும் கால் பின்னாலும் போய் நிற்க வேண்டும். ‘ழ’வும் உகரமும் சேர்ந்து ஒரே வடிவமாக வேண்டும், ‘ம்’மின் புள்ளி நேர் மேலே உட்கார வேண்டும். இதைச் செய்வது எழுத்துருவும் மென்பொருளும் சேர்ந்து; எழுத்துரு மட்டும் நல்லதாக இருந்து பயனில்லை. மென்பொருளுக்கு இந்த வித்தை தெரியாவிட்டால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவே புள்ளிவட்டம் என்று வரி முழுக்க இறைந்து கிடக்கும்.

கோபோவுக்குள் இரண்டு வாசிப்பு இயந்திரங்கள் இருக்கின்றன. மின்நூல்களின் பொது வடிவமான சாதாரண இபப் கோப்பை ஒன்று திறக்கும், கோபோவின் சொந்த வடிவமான கெபப்பை மற்றது திறக்கும். இபப்பில் எழுத்து தடம்புரண்டால் அதைக் கெபப்பாக மாற்றிப் பாருங்கள். கணினியில் மின்நூல்களை நிர்வகிக்கும் கலிபர் மென்பொருளின் 8ஆம் பதிப்பிலிருந்து அந்த மாற்றும் வசதி உள்ளேயே இருக்கிறது. அதிலும் மனம் நிறையாவிட்டால் கேஓரீடர் என்ற இலவச வாசிப்பு மென்பொருளைப் போடலாம். தமிழ் எழுத்துகளைக் கோக்கும் வேலையை அது ஹார்ஃப்பஸ் என்ற நிரலிடம் விடுகிறது. அதனால் கொம்பும் காலும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். கோபோவில் இதைப் போடுவதற்குப் பூட்டு எதையும் உடைக்கத் தேவையில்லை, கோப்பைப் பிரதி செய்தால் போதும். கிண்டிலில் இதையே செய்ய, முதலில் கருவியின் பூட்டை உடைக்க வேண்டும். அந்த வித்தை எல்லாப் பதிப்பிலும் பலிக்காது.

கடைசியாக ஒன்று: வரிகளை இரு பக்கமும் சமப்படுத்தாமல் இடப்பக்கம் மட்டும் ஒட்டவிடுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளம். 6 அங்குலத் திரையில் சமப்படுத்தினால் சொற்களுக்கிடையே வாய்க்கால் ஓடும்.

நண்பர் அனுப்பிய தமிழ்க் கோப்பு வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிகிறது. கோபோவின் குறையா?

இல்லை, அது பாமினி. நம்மவர்கள் ஆண்டுக்கணக்காகத் தட்டச்சு செய்த எழுத்துரு. அதில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான்; பாமினி எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வேடம் போட்டுக் காட்டும். ஈ-ரீடருக்குப் போனதும் வேடம் கலைந்துவிடும். கிண்டிலிலும் இதே கதைதான். ஒன்லைனில் பாமினியை, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யுனிகோடாக மாற்றும் கருவிகள் நிறைய இருக்கின்றன, மாற்றிவிட்டுப் பிறகு இபப் செய்யுங்கள். கல்யாண மலர், நினைவு மலர், கோயில் மலர் என்று நம் வீட்டுக் கணினிகளில் கிடப்பவற்றில் பெரும்பகுதி பாமினியில்தான் இருக்கும்.

நூலகம் தளத்தின் பிடிஎஃப்களை வாசிக்கலாமா?

2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் இல்லாவிட்டால் ஈழத்துப் பழைய நூல்களுக்கும் சஞ்சிகைகளுக்கும் நாம் எங்கே போவது? நான் ஈ-ரீடர் வைத்திருப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான். ஆனால் அங்கே இருப்பவை பெரும்பாலும் பக்கத்தை ஸ்கான் செய்த படங்கள். படத்தில் எழுத்தைப் பெருப்பித்தால் பக்கமும் சேர்ந்து பெருக்கும்.

ஒரு சாதாரண டெமி அளவுப் புத்தகத்தின் பக்கம் ஏறத்தாழ 14க்கு 21.5 சென்ரிமீற்றர். 6 அங்குலத் திரை 9க்கு 12. முழுப் பக்கத்தையும் அடக்கினால் எழுத்து அச்சில் உள்ளதில் பாதிக்குச் சற்று மேல்தான் இருக்கும். கண்ணைச் சுருக்க வேண்டும். ஓரத்து வெள்ளையை வெட்டிவிட்டுக் கருவியைப் படுக்கையாகத் திருப்புங்கள். இப்போது வரியின் அகலத்துக்கு 12 சென்ரிமீற்றர் கிடைக்கிறது, எழுத்து அச்சைவிடச் சற்றுப் பெரிதாகவே தெரியும். ஒரு பக்கத்தை முடிக்க இரண்டு மூன்று தட்டுத் தட்ட வேண்டும், அவ்வளவுதான். வெட்டுவது, திருப்புவது இரண்டையும் கேஓரீடர் நன்றாகச் செய்கிறது. ஸ்கான் பக்கத்தில் உள்ள சொற்களைத் துண்டு துண்டாக எடுத்துத் திரைக்கு ஏற்ப மறுபடி அடுக்கும் வசதியும் அதில் உண்டு. அது எழுத்தை அறிந்து செய்வதில்லை, படத்தை வெட்டி ஒட்டுவதுதான். அதனால் தமிழுக்கும் வேலை செய்யும். மங்கலான ஸ்கான், சரிந்த பக்கம் என்றால் குழம்பிவிடும்.

இரண்டு பத்தி போட்ட சஞ்சிகைகளை இந்தத் திரையில் வாசிப்பது பொறுமைக்குச் சோதனை. பழைய பத்திரிகை ஸ்கான் என்றால் நினைக்கவே வேண்டாம். ஆய்வு செய்கிறவர், நாளெல்லாம் பிடிஎஃப்போடு மாரடிக்கிறவர் என்றால் 10 அங்குலக் கருவிக்குப் போங்கள். கோபோ எலிப்சா 2இ, கிண்டில் ஸ்கிரைப் இரண்டிலும் டெமிப் பக்கம் முழுதாக அடங்கும். எலிப்சா 2023இல் வந்தபோது 399.99 டொலர். அந்தக் காசுக்கு நல்ல டப்லட் ஒன்றே வாங்கலாமே என்று கேட்டால், என்னிடம் பதில் இல்லை.

வேறு எங்கே தமிழ் நூல்கள் கிடைக்கும்?

சங்க இலக்கியம், பக்தி நூல்கள், பழைய உரைநடை என்றால் 1998இலிருந்து இயங்கும் மதுரைத் திட்டம். இவை தட்டச்சு செய்யப்பட்ட யுனிகோடு நூல்கள், ஆகவே எழுத்தளவை விருப்பம்போல் மாற்றலாம். இக்கால எழுத்து வேண்டுமென்றால் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளம். எழுத்தாளர்களே பகிர்ந்துகொள்ளும் உரிமத்தில் கொடுத்தவை. இபப்போடு 6 அங்குலத் திரைக்கென்றே அளவெடுத்த பிடிஎஃப்பும் அங்கே வைத்திருக்கிறார்கள். எழுத்துரு வேலைக்கெல்லாம் பொறுமை இல்லாதவர் அந்தப் பிடிஎஃப்பை இறக்கினால் எந்தக் கருவியிலும் தமிழ் உடையாமல் வாசிக்கலாம்.

கோபோ கடையில் தமிழ்?

சில நூல்கள் உண்டு. அமேசானின் தமிழ்ப் பகுதிக்குப் பக்கத்தில் வைக்க முடியாது. நீங்கள் வாசிக்கும் தமிழ் முழுவதும் அமேசானில் வாங்குவதுதான் என்றால் கிண்டிலிலேயே இருங்கள். இதை நான் பலருக்குச் சொல்லிவிட்டேன். முகம் வாடுகிறது, ஆனால் அதுதான் நிலைமை.

ஏற்கனவே அமேசானில் வாங்கியவற்றைக் கோபோவில் வாசிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியாது. பூட்டுப் போட்ட கோப்புகள், அமேசானின் கருவிகளிலும் செயலியிலும்தான் திறக்கும். அவற்றைப் பழைய கிண்டிலிலோ போனிலோ வாசித்து முடிப்பதுதான் வழி. மாறுவதற்கு முன் உங்கள் அமேசான் பட்டியலைத் திறந்து, இன்னும் வாசிக்காதவை எத்தனை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எதிர்ப்பக்கம் அவ்வளவு மோசமில்லை. சென்ட் டு கிண்டில் என்ற வசதி 2022இலிருந்து இபப்பை ஏற்கிறது. இலவசமாக இறக்கிய தமிழ் இபப்களைக் கிண்டிலுக்கும் அனுப்பலாம்.

கொழும்பில் எங்கே வாங்குவது, என்ன விலை?

பம்பலப்பிட்டிக் கணினிக் கடைகளில் ஈ-ரீடர் என்று கேட்டால் டப்லட்டை எடுத்து நீட்டுவார்கள். ஒன்லைனில் விற்கிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். பெட்டி பிரித்ததா, உத்தரவாதம் யாருடையது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பெரும்பாலானவர்களுக்கு வழி, வெளிநாட்டிலிருந்து வருகிற உறவினரின் கைப்பைதான். கிளாரா பிடபிள்யூ 2024 ஏப்ரலில் வந்தபோது 129.99 அமெரிக்க டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தால் 39,000 ரூபா. பார்சலாக வரவழைத்தால் அனுப்பும் கூலி, சுங்கம், வற் வரி எல்லாம் சேரும். வற் மட்டுமே 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். தபாலில் வந்தால் டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில் உள்ள மத்திய தபால் பரிமாற்றகத்துக்கு அரை நாள் லீவு போட வேண்டியும் வரலாம். சித்தி ஆடிப் பூரத்துக்கு வருவாரா என்று பார்த்துக் காத்திருப்பதே மலிவு.

பழுதானால்?

இங்கே உத்தரவாதத்தை நம்பாதீர்கள். 2024இல் வந்த கிளாரா, லிப்ரா கருவிகளுக்கு, கருவி திருத்தக் கற்றுத்தரும் ஐஃபிக்ஸிட் தளத்தோடு சேர்ந்து திருத்தும் வழிகாட்டிகளைக் கோபோ வெளியிட்டிருக்கிறது. கையில் பதம் உள்ள போன் திருத்துகிறவரிடம் அதைக் காட்டினால் பற்றரி மாற்றிவிடுவார். திரை உடைந்தால் செலவு கை கடிக்கும். உறை போடாமல் பையில் வைத்து 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறாதீர்கள்.

கலர்த் திரை எடுக்கலாமா?

பிள்ளைகளின் படப் புத்தகமும் காமிக்ஸும் வாசிப்பதென்றால் சரி. கிளாரா கலர் 149.99, லிப்ரா கலர் 219.99 டொலருக்கு வந்தன. ஆனால் கலர் வரும்போது கூர்மை 300 புள்ளியிலிருந்து 150க்கு இறங்கும். எழுத்து மேல் வண்ண வடிகட்டி இருப்பதால் வெள்ளைப் பின்னணியும் சற்று மங்கல். தமிழ் எழுத்தில் சுழியும் வளைவும் அதிகம், வெளுத்த பின்னணியில்தான் தெளிவு. நாவல் வாசிக்கிறவருக்குக் கறுப்பு வெள்ளையே போதும்.

ஒனிக்ஸ் பூக்ஸ் எடுத்தால் இந்தத் தலையிடி எதுவும் இல்லையாமே?

ஓரளவு உண்மை. அது மின்மைத் திரை பூட்டிய அன்ட்ரொயிட் கருவி. கிண்டில் செயலி, கோபோ செயலி எல்லாவற்றையும் போடலாம், தமிழ் உடையாது. விலையாகக் கொடுப்பது பற்றரியையும் நிம்மதியையும். வொட்ஸ்அப் போட முடியும் என்றால் போடுவீர்கள். போட்டால் புத்தகம் வாசிப்பீர்களா?

தமிழ் அகராதி?

கோபோவில் இல்லை. கேஓரீடர் ஸ்டார்டிக்ட் வடிவ அகராதிகளை ஏற்கும்.

சிங்களப் புத்தகம்?

சிங்களத்துக்கும் இதே எழுத்துருக் கதை, இதே தீர்வு. நோட்டோ செரிஃப் சிங்களத்தைப் போடுங்கள்.

கரண்ட் போனால்?

சார்ஜ் வாரக்கணக்கில் நிற்கும், திரைக்குச் சொந்த விளக்கும் உண்டு. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோது பழைய கிண்டிலே கைகொடுத்தது. 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்து நாட்டையே இருட்டாக்கியதே, அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான்.

அம்மாவுக்கு 70 வயது. எது வாங்கிக் கொடுக்கலாம்?

பெரிய திரையுள்ள கிண்டில் பேப்பர்வைட். எழுத்துரு, கெபப் என்று அம்மா அல்லாட மாட்டார், நீங்களும் ஒவ்வொரு ஞாயிறும் போய்த் திருத்திக் கொடுக்க மாட்டீர்கள். புத்தகங்களை உங்கள் வீட்டிலிருந்தே சென்ட் டு கிண்டில் வழியாக அனுப்பிவிடலாம். அவர் செய்ய வேண்டியது வைஃபையைப் போடுவது மட்டும். எழுத்தைப் பெருப்பித்து, விளக்கை மஞ்சளுக்கு மாற்றி, தொடுதிரையில் எங்கே தட்டினால் பக்கம் திரும்பும் என்று பக்கத்தில் இருந்து காட்டிவிட்டு வாருங்கள்.

அப்போ அச்சுப் புத்தகம் வாங்குவதில்லையா?

ஏன் வாங்காமல்? இங்குள்ள எழுத்தாளர்களின் புதிய நூல்கள் பலவும் மின்வடிவில் வருவதே இல்லை. அதற்கு வெள்ளவத்தையில் பூபாலசிங்கம் புத்தகசாலை, 57ஆம் ஒழுங்கையில் தமிழ்ச் சங்க நூலகம், செப்டெம்பரில் பண்டாரநாயக்க மண்டபத்துப் புத்தகக் கண்காட்சி இருக்கின்றன.

பழைய கிண்டிலை விற்கலாமா?

விற்கலாம், யாருக்காவது கொடுக்கவும் செய்யலாம். 2015 பேப்பர்வைட்டுக்குக் கிடைக்கும் விலையைப் பார்த்தால் கொடுப்பதே மரியாதை. எதுவானாலும் அமைப்புகளுக்குப் போய் உங்கள் அமேசான் கணக்கிலிருந்து கருவியை நீக்கி, எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கொடுங்கள். இல்லையென்றால் பெறாமகன் ஒரே தட்டில் வாங்கும் புத்தகத்துக்கு உங்கள் கார்டில் காசு போகும்.